தனித்து எழுதிப் பிழைப்பவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால்: குழு அமைப்பதும் இலக்கு வைப்பதும்

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், மொழிபெயர்ப்பு, பத்திரிகைக் கட்டுரை, விளம்பர வாசகம், படங்களுக்கான வசனவரி (சப்டைட்டில்), மெய்ப்புப் பார்த்தல் (அச்சுக்குமுன் பிழை திருத்துதல்) என்று அமைகிற எழுத்து வேலைகளை வீட்டிலிருந்தே செய்து வாழ்கிறவர்கள் தமிழில் இன்று கணிசமாக இருக்கிறார்கள். இவர்களில் பலருடைய வருமானம் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. திறமைக் குறைவு அதற்குக் காரணமாக இருப்பது அரிது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்குக் கேட்காமலே கிடைக்கிற இரண்டு உதவிகள் இவர்களுக்கு இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்: சொன்ன வேலை என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவர் இல்லை, இதே வேலைக்கு மற்றவர்கள் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரே தொழிலில் இருக்கும் நான்கைந்து பேர் ஒழுங்காகச் சந்திக்கத் தொடங்கினால் இந்த இரண்டு குறைகளும் தீரும். அப்படி ஒரு குழுவை அமைப்பது எப்படி, அதில் இலக்குகளை வைப்பது எப்படி என்பதை இங்கே சொல்கிறேன்.

தமிழில் இலக்கியக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. 1970-இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, இதழ்களில் வந்த சிறுகதைகளிலிருந்து மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டி வந்திருக்கிறது. சிற்றூர்களில்கூட வாசகர் வட்டங்கள் நடக்கின்றன. அவை படைப்பைப் பற்றிப் பேசுகிற இடங்கள். அங்கே ஒருவர் எழுந்து, தனக்கு ஒரு பதிப்பகம் எட்டு மாதமாகப் பணம் தரவில்லை என்று சொல்வது கூட்டத்தின் போக்குக்குப் பொருந்தாது. நாம் அமைக்கப்போவது அந்தப் பேச்சுக்கே முதலிடம் தருகிற குழு.

யாரைச் சேர்ப்பது

நான்கு பேருக்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் கூட்டம் வெறும் அரட்டையாகிவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்காது. ஐந்து பேர் சரியான அளவு. எல்லோரும் எழுத்தால் வருமானம் ஈட்டுகிறவர்களாக, அல்லது அதற்காக உண்மையிலேயே முயல்கிறவர்களாக இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சேர்க்காதீர்கள். நண்பரிடம் "ஏன் முடிக்கவில்லை" என்று கேட்கத் தயங்குவோம், அந்தத் தயக்கம் குழுவின் பயனையே கெடுத்துவிடும். ஐந்து பேரும் ஒரே வகை வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. நூல் மொழிபெயர்ப்பாளர் இருவர், நிறுவனங்களுக்கு எழுதுகிற ஒருவர், இதழ்களுக்குக் கட்டுரை எழுதுகிற ஒருவர், வசனவரி எழுதுகிற ஒருவர் என்று அமைந்தால், ஒருவருக்கு வருகிற விசாரிப்பு இன்னொருவருக்கு வேலையாக மாறும். ஆனால் அனுபவத்தில் மிகப் பெரிய இடைவெளி வேண்டாம். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் நேற்று தொடங்கியவரும் சேர்ந்தால் அது வகுப்பறை ஆகிவிடுகிறது; மூத்தவருக்குப் பெற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய், அவர் மெல்ல வராமல் நின்றுவிடுகிறார்.

முதல் கூட்டத்தில் கூலியைச் சொல்லுங்கள்

முதல் சந்திப்பில் ஒவ்வொருவரும் கடந்த ஆறு மாதங்களில் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதி வர வேண்டும்: என்ன வேலை, எத்தனை சொல், என்ன கூலி, பணம் எத்தனை நாளில் வந்தது. வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். தொகையைச் சொல்வது கட்டாயம். இது நம்மவர்களுக்கு எளிதல்ல. குறைவாக வாங்குகிறவர் கூசுகிறார், அதிகம் வாங்குகிறவர் கண்பட்டுவிடுமோ என்று தயங்குகிறார். ஆனால் குழு தரக்கூடிய மிகப் பெரிய நன்மை இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரே வகை வேலைக்கு ஒருவர் சொல்லுக்கு 75 காசும் இன்னொருவர் 2 ரூபாயும் வாங்குவது தெரியவந்தால், முதலாமவர் அடுத்த வேலைக்குக் கேட்கும் தொகை அன்றைக்கே மாறிவிடும்.

கூலியைப் பேசும்போதே சொற்களை எந்தப் பிரதியில் எண்ணுகிறார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக வருவது தமிழில் வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடும். ஆகவே தமிழ்ப் பிரதியை எண்ணிக் கூலி தருகிறவர்கள், மூலத்தை எண்ணித் தருகிறவர்களைவிடக் கணிசமாகக் குறைவாகவே தருகிறார்கள். சொல்லுக்கான தொகை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். மூலச் சொற்களின் கணக்கில் மட்டுமே வேலை ஏற்பது என்று குழுவில் உள்ளவர்கள் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும் வேலை இப்போது பலருக்கும் வருகிறது. அதை ஏற்பதா வேண்டாமா என்று கொள்கையளவில் வாதிடுவதைவிட, குழுவாக உட்கார்ந்து அளந்து பார்ப்பது பயன் தரும். வந்த வேலையைப் போன்ற, ஆனால் யாருக்கும் சொந்தமல்லாத பொதுவான பனுவல் ஒன்றிலிருந்து இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து மொழிபெயர்த்தும், மற்றதன் இயந்திரப் பிரதியைத் திருத்தியும் ஒவ்வொருவரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். 1,000 சொற்களைத் தாமே மொழிபெயர்க்க ஒருவருக்கு 4 மணி நேரம் ஆகிறது, கூலி சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு என்றால், மணிக்கு 375 ரூபாய் கிடைக்கிறது. அதே அளவைத் திருத்த 2½ மணி நேரம் ஆகி, கூலி 60 காசு என்றால், மணிக்கு 240 ரூபாய்தான். பழைய மணிக்கூலி குறையாமல் இருக்கத் திருத்தும் வேலைக்குச் சொல்லுக்கு ஏறக்குறைய 94 காசு கேட்க வேண்டும் என்பது அப்போது தெளிவாகிவிடுகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருடைய குரலே வேறாக இருக்கும்.

இலக்கு வைப்பது

"இந்த ஆண்டு நிறையச் சம்பாதிக்க வேண்டும்", "ஒரு நாவலை முடித்துவிட வேண்டும்" என்பவை ஆசைகள். இவற்றை இன்னொருவர் உங்களிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேட்க முடியாது. கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. குழுவில் வைக்கும் இலக்கு இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். அதைச் செய்வது முழுக்க உங்கள் கையில் இருக்க வேண்டும். செய்தீர்களா இல்லையா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். "ஒரு பெரிய பதிப்பகத்தில் வாய்ப்புப் பெறுவேன்" என்பது பதிப்பாளரின் கையில் இருக்கிறது. "மூன்று பதிப்பகங்களுக்கு மாதிரி மொழிபெயர்ப்பு பத்துப் பக்கம் அனுப்புவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஆசையிலிருந்து இலக்குக்கு இறங்கிவர ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார், சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறக்குறைய 26,700 சொற்களை அவர் மொழிபெயர்க்க வேண்டும். கணக்கு அனுப்புவது, திருத்தங்கள் பார்ப்பது, வேலை தேடுவது, காய்ச்சல், கலியாணம், கோயில் திருவிழா எல்லாம் போக, மொழிபெயர்க்க முழுதாகக் கிடைப்பது மாதத்தில் 18 நாள் என்றால், நாளுக்கு ஏறக்குறைய 1,480 சொல். மணிக்கு 250 சொல் என்ற வேகத்தில் அது ஆறு மணி நேர இடைவிடாத உழைப்பு. மூளை தாங்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். இதற்கு மேல் வருமானம் உயர வேண்டுமானால் இன்னும் கடுமையாக உழைப்பது வழியல்ல என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கூலி 2 ரூபாயானால் அதே 40,000 ரூபாய்க்கு 20,000 சொல் போதும், நாளுக்கு 4½ மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எனவே அவருடைய அடுத்த மூன்று மாத இலக்கு 2 ரூபாய் தரக்கூடிய இரண்டு வாடிக்கையாளர்களைத் தேடுவது. அதிலிருந்து பிறக்கும் பதினைந்து நாள் இலக்கு, ஐந்து இடங்களுக்கு மாதிரியும் கூலி விவரமும் அனுப்புவது.

ஆண்டு முழுவதற்கும் விரிவான திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எழுத்து வேலையின் வரத்து அப்படி ஒழுங்காக இருப்பதில்லை. மூன்று மாதம் பொருத்தமான காலம். ஆனால் நம் தொழிலுக்கு ஒரு பருவகாலம் இருக்கிறது, அதை மறந்து இலக்கு வைக்கக் கூடாது. தீபாவளி மலர்களுக்கான கட்டுரைகளையும் கதைகளையும் ஆசிரியர்கள் ஆடி மாதத்திலேயே திட்டமிடத் தொடங்கிவிடுவார்கள். புரட்டாசியில் யோசனை அனுப்பினால் அது அடுத்த ஆண்டுக்குத்தான். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி நூல்களைக் கொண்டுவரப் பதிப்பகங்கள் முனைவதால், ஆண்டின் கடைசி மாதங்களில் மொழிபெயர்ப்பாளருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரியில் வர வேண்டிய 60,000 சொல் நாவலை, நாளுக்கு 1,000 சொல் வீதம் 60 வேலைநாள், அதன்பின் ஒரு மாதத் திருத்தம் என்று பின்னோக்கி எண்ணினால், ஆனி மாதத்திலாவது தொடங்கியிருக்க வேண்டும். காட்சி முடிந்தபின் வரும் மந்தமான வாரங்களைப் புதிய வாடிக்கையாளரைத் தேடவும், ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கற்றுக்கொள்ளவும் ஒதுக்கலாம்.

ஒரு நேரத்தில் மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று உங்கள் சொந்த எழுத்தைப் பற்றியதாக இருக்கட்டும். கூலிக்கு எழுதுகிறவர்கள் தம் கதையையும் கவிதையையும் "வேலை குறைந்த பிறகு" என்று தள்ளிவைத்துக்கொண்டே போகிறார்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அதற்கென்று குறித்துவிட்டு, அந்தக் காலைப்பொழுது என்ன ஆயிற்று என்று மற்றவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

கூட்டம் நடத்துவது

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மாறாத கிழமை, மாறாத நேரம். நேரில் கூட முடிந்தால் நல்லது. வெவ்வேறு ஊர்களில் இருந்தால் காணொளியில் கூடலாம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம்: போன முறை சொன்னவற்றில் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை, அடுத்த முறைக்குள் என்ன செய்வேன். எஞ்சிய நாற்பது நிமிடம் ஒருவருடைய ஒரு சிக்கலுக்கு. ஒருவர் எல்லோருடைய இலக்குகளையும் பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் குறித்துக்கொள்வார். அந்தப் பொறுப்பு முறை மாறி வரட்டும்.

கேட்பவரின் வேலை கண்டிப்பதும் அல்ல, தேற்றுவதும் அல்ல. செய்யாமல் போனதற்கு எது தடையாக இருந்தது என்று கண்டுபிடித்து, முடிந்தால் அந்த இடத்திலேயே அதை நீக்குவதுதான். இப்படி ஒரு பேச்சு எந்தக் குழுவிலும் நடக்கும்:

"அந்தப் பதிப்பகத்துக்கு பில் அனுப்பிட்டியா?"

"இல்லக்கா. ரெண்டு தடவ எழுதி அழிச்சுட்டேன். அவங்களே கேப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"அவங்க கேக்க மாட்டாங்கப்பா. இப்பவே லேப்டாப்பத் திற. நாங்க இருக்கோம், அனுப்பிட்டு மத்தத பேசலாம்."

ஐந்து நிமிடத்தில் பில் போய்விடும். மாதக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட பல வேலைகள் இவ்வளவு சிறியவைதான். ஒரே இலக்கு மூன்று கூட்டங்களுக்கு நிறைவேறாமலே வந்தால், அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். நிறைவேறாத இலக்கைச் சுமந்துகொண்டே வருகிறவர் கூட்டத்துக்கு வருவதைத் தவிர்க்கத் தொடங்குவார்.

ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்வதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: 1,500 சொல்லுக்கு மிகாமல், கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அனுப்பியது மட்டும். வாடிக்கையாளரின் வெளிவராத பிரதியைக் குழுவில் காட்டவே கூடாது. ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு பற்றிய விதி இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

ஒப்பந்தமும் வரவேண்டிய பணமும்

தனியாளாக இருப்பவர் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திடுவதற்கு அவசரமும் கூச்சமும்தான் காரணம். எந்த ஒப்பந்தம் வந்தாலும் கையெழுத்திடும் முன் குழுவில் இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, மொழிபெயர்ப்பாளருக்குத் தம் மொழிபெயர்ப்பின் மீது தனி உரிமை உண்டு. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித்தருவது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே படிப்பவர் முதலில் தேட வேண்டியவை காலம், எல்லை, மின்னூல் மற்றும் ஒலிநூல் உரிமை, நூலில் மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்கே வரும் என்பது, பணம் தரும் நாள். "அனைத்து உரிமைகளும் என்றென்றைக்கும்" என்ற தொடர் இருந்தால், அதற்கு ஈடான தொகை தரப்படுகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

வருமானவரி பற்றியும் ஒருவர் அறிந்ததை எல்லோரும் அறிந்துகொள்ளலாம். தொழில்முறைக் கட்டணமாக ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 விழுக்காடு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமானவரி, பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. பிடித்தது போனது அல்ல. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாமல் ஆண்டுதோறும் இதை இழக்கிறவர்கள் இருப்பதால், ஜூலை மாதத்துக்குள் தாக்கல் முடிப்பதை எல்லோருக்கும் பொதுவான இலக்காக வைக்கலாம்.

பணம் தாமதமாகும் சிக்கலுக்கு, பலர் பயன்படுத்தாத ஒரு சட்டம் துணை நிற்கிறது. குறு, சிறு தொழில்களைப் பதிவு செய்வதற்கான அரசின் உத்யம் இணையதளத்தில் தனியாளாகவே, கட்டணமில்லாமல், குறுந்தொழில் சேவையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவருக்குரிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் இப்படி வராத பணம் பற்றிய புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவு செய்துவைப்பது பாதுகாப்பு. மன்றம் வரை போவது அரிதாகவே தேவைப்படும். கடிதத்தில் பதிவு எண் இருப்பதே பல இடங்களில் பணத்தை நகர்த்திவிடுகிறது. நினைவூட்டல் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. தங்களுக்காக மொழிபெயர்த்து ஜூலை 12 அன்று ஒப்படைத்த 18,400 சொற்களுக்கான 27,600 ரூபாய் இதுவரை வந்து சேரவில்லை. பில்லை மீண்டும் இணைத்திருக்கிறேன். அதில் என் உத்யம் பதிவு எண் உள்ளது. பணம் எந்த நாளில் அனுப்பப்படும் என்பதை இந்த வாரத்துக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி."

மன்னிப்பும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். தொகையும் நாளும் கேள்வியும் இருந்தால் போதும்.

எழுத்தாளர்கள் பணத்துக்காகச் சேர்வது இழுக்கு என்று நினைக்கிறவர்களுக்கு அண்டை மாநிலத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1945-இல் கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர்கள் 12 பேர் சேர்ந்து சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தானே நூல்களை வெளியிட்டு, நூல் விலையில் 30 விழுக்காட்டை எழுத்தாளருக்குத் தந்த சங்கம் அது. நம் பதிப்புலகில் இன்றும் வழக்கமாகப் பேசப்படும் உரிமைத்தொகை 10 விழுக்காடுதான்.

வேலையைப் பகிர்வது

உங்களால் ஏற்க முடியாத வேலையைக் குழுவில் இருப்பவருக்குக் கைமாற்றிவிடும்போது தரகு வாங்காதீர்கள். வாங்கினால் கூலியை ஒளிக்க வேண்டிய நிலை வந்துவிடும். வேலையை உங்கள் பெயரில் ஏற்று, இன்னொருவர் செய்ததை நீங்கள் சரிபார்த்து, பிழைக்குப் பொறுப்பும் ஏற்கிறீர்கள் என்றால், சரிபார்க்கும் கூலியை முன்கூட்டியே பேசி எடுத்துக்கொள்வது நியாயம்.

ஒருவர் திடீரென்று நோயில் விழுந்தாலோ வீட்டில் துக்கம் நேர்ந்தாலோ அவருடைய வேலையை இன்னொருவர் தொடர்ந்து முடிப்பதுதான் குழு செய்யக்கூடிய மிகக் கடினமான உதவி. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். நீண்ட வேலை ஒவ்வொன்றுக்கும் கலைச்சொற்கள், பெயர்களின் எழுத்துமுறை, பாத்திரங்கள் ஒருவரையொருவர் நீ என்கிறார்களா நீங்கள் என்கிறார்களா என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்புடன் வைத்திருங்கள். வேலை ஏற்கும்போதே, தேவைப்பட்டால் இன்னார் முடித்துத் தருவார் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். கோப்பு கைமாறுவதற்கு அந்தச் சம்மதம் அவசியம். கைமாறிய பக்கத்திலிருந்து வரும் கூலி, அதைச் செய்தவருடைய கணக்குக்கே நேராகப் போகட்டும்.